காப்பு கட்டிய கையில் பேப்பர் கப்!

மாசி பிறந்தால் போதும், திண்டுக்கல் பக்கம் தெருவுக்குத் தெரு மைக்செட் கட்டிவிடுவார்கள். கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சொரிதல், நத்தம் மாரியம்மனுக்குப் பூக்குழி, அது முடிந்த கையோடு பங்குனி உத்திரத்துக்குப் பழனி... ஒன்றரை மாதத்துக்கு ஜில்லாவே மஞ்சள் உடுத்தி நிற்கும். வட இந்தியாவில் ஹோலி வரும் அதே பருவம்தான் இது. 2021, 2024 போன்ற ஆண்டுகளில் ஹோலியும் பங்குனி உத்திரமும் ஒரே பௌர்ணமியை ஒட்டித்தான் வந்தன.

ஹோலி என்றால் "கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், கெமிக்கல் கலர் வேண்டாம், தண்ணீரை வீணாக்காதீர்கள்" என்று ஆளாளுக்கு அறிவுரை சொல்கிறார்கள். மாசித் திருவிழாவுக்கு அப்படிச் சொல்பவர்கள் குறைவு. யாராவது சொன்னாலும் "சாமி காரியத்தில் தலையிடாதே" என்று ஒரே வரியில் வாயை அடைத்துவிடுவார்கள்.

ஆனால் அந்த அறிவுரையை வெளியில் இருந்து யாரும் கொண்டுவர வேண்டியதே இல்லை. திருவிழாவுக்கு உள்ளேயே அது இருக்கிறது. அதன் பெயர் காப்பு.

காப்பு என்றால் என்ன?

மஞ்சள் நனைத்த நூல், அதில் ஒரு துண்டு விரலி மஞ்சள். இதைக் கையில் கட்டிக்கொள்வதுதான் காப்பு. நத்தத்தில் பக்தர்கள் கரந்தமலைக்குப் போய் கன்னிமார் தீர்த்தம் எடுத்து வந்து காப்புக் கட்டிக்கொள்கிறார்கள். கட்டிய பிறகு கறி இல்லை, மது இல்லை, பலருக்குச் செருப்பும் இல்லை. காப்புக் கட்டிய பிறகு வெளியூரில் போய் ராத்தங்கக் கூடாது என்ற வழக்கம் பல கிராமங்களில் இன்றும் உண்டு. அம்மை நோய் ஊர் ஊராகப் பரவிய காலத்தில் வந்த கட்டுப்பாடு அது என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

ஆக, திருவிழா ஆரம்பிப்பதே ஒரு கட்டுப்பாட்டில்தான். "காப்பு" என்ற வார்த்தைக்கே பாதுகாப்பு என்றுதானே பொருள்! நாவையும் ஆசையையும் கட்டிப்போடத் தெரிந்த ஊருக்கு, ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிப்போடத் தெரியாதா என்ன?

நீர்மோர் பந்தலில் ஆரம்பிக்கலாம்

திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கோயில் மைதானத்தைப் பார்த்தால் தெரியும். சாமி புறப்பாடு போன பாதை முழுக்கக் கப், தட்டு, தண்ணீர் பாக்கெட். புண்ணியம் செய்யத்தான் பந்தல் போடுகிறார்கள். அந்தப் புண்ணியத்தின் மிச்சம் சாக்கடையை அடைத்துக்கொள்கிறது. மாடு தின்று சாகிறது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை. அந்தப் பட்டியலில் கேரி பேக், தண்ணீர் பாக்கெட், ஸ்ட்ரா மட்டும் இல்லை. உள்ளே பிளாஸ்டிக் பூச்சு பூசிய பேப்பர் கப்பும் பேப்பர் தட்டும் இருக்கின்றன. "பேப்பர்தானே, மக்கிப் போயிடும்" என்று நினைத்து வாங்குகிறார்கள். அந்த மெல்லிய பூச்சு மக்காது.

"பத்தாயிரம் பேருக்கு டம்ளர் கழுவ தண்ணிக்கு எங்கே போறது?" என்று பந்தல்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோடைக்கு முன்பே தண்ணீர் லாரியை எதிர்பார்க்கிற ஊர்களில் டம்ளர் கழுவுவது லேசான வேலை இல்லை. இதற்கு எளிதான வழி, வருகிறவரே ஒரு சொம்போ டம்ளரோ கொண்டுவருவதுதான். ஒரு காலத்தில் பாதயாத்திரை போனவர்கள் மடியில் சொம்போடுதான் போனார்கள். "டம்ளர் கொண்டு வருபவர்களுக்கு முதலில் மோர்" என்று பந்தலில் ஒரு போர்டு வைத்தால் போதும், இரண்டே வருஷத்தில் பழக்கமாகிவிடும். அன்னதானத்துக்கு வாழை இலை, பாக்கு மட்டைத் தட்டு. சிறுமலை வாழைக்குப் புவிசார் குறியீடு வாங்கிய மாவட்டத்தில் இலைக்கா பஞ்சம்?

பூவும் அப்படித்தான். நிலக்கோட்டையும் திண்டுக்கல்லும் பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊர்கள். பூச்சொரிதலுக்குக் கூடை கூடையாகப் பூ வரும். அதை பிளாஸ்டிக் பையோடு கொடுத்தால் கடைசியில் அது குப்பை. மூங்கில் கூடையிலோ மஞ்சப்பையிலோ கொடுத்தால் அது உரம். பூ இரண்டிலும் ஒன்றுதான், அதைச் சுமந்து வந்த பை மட்டும்தான் வேறு.

மஞ்சள் நீரில் மஞ்சள் இருக்கிறதா?

ஹோலிக்கு வண்ணப்பொடி என்றால் மாரியம்மனுக்கு மஞ்சள் நீராட்டு. முறைப்பெண்ணும் முறைமாமனும் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடும் அழகான வழக்கம். ஆனால் அண்டா அண்டாவாகத் தண்ணீர் தேவைப்படும்போது நல்ல மஞ்சளுக்குச் செலவாகும் என்று கடையில் கிடைக்கும் கலர்ப்பொடியைக் கரைத்துவிடுகிறார்கள். மெட்டானில் எல்லோ போன்ற மஞ்சள் சாயங்கள் ஆலைகளுக்கானவை, உணவில் சேர்க்கவே கூடாதவை. அதைக் கண்ணிலும் குழந்தைகளின் தோலிலும் ஊற்றுவானேன்?

சோதனை வீட்டிலேயே இருக்கிறது. கொஞ்சம் பொடியில் சுண்ணாம்புத் தண்ணீர் விட்டால், மஞ்சளாக இருந்தால் சிவக்கும். ஆலம் சுற்றுகிற தட்டில் பாட்டிமார் செய்வதும் இதே வேதியியல்தான்! சிவக்கவே இல்லை என்றால் அதில் மஞ்சளே இல்லை என்று அர்த்தம்.

இன்னொன்று, முறைக்காரர் மேல் ஊற்றினால்தான் அது விளையாட்டு. பைக்கில் போகிறவர் முகத்தில் அடித்தால் விபத்து. வேண்டாம் என்று ஒதுங்கும் பெண் மேல் ஊற்றினால் வம்பு. அம்மன் பேரைச் சொல்லி ஒரு பெண்ணை அழ வைப்பது எந்த ஊர் பக்தி?

நெருப்பும் மின்சாரமும்

பூக்குழி இறங்குவதைக் கேலி பேசுவது சுலபம். இறங்குகிறவர்களுக்கு அது பிள்ளைக்கு நேர்ந்த வேண்டுதல், நோய் தீர்ந்த நன்றி. அதை மதிக்க வேண்டும். அதே சமயம் நெருப்பு யாருக்கும் சலுகை காட்டாது. 2025 ஏப்ரலில் ராமநாதபுரம் மாவட்டம் குயவன்குடியில் பங்குனி உத்திரப் பூக்குழியில் தவறி விழுந்த ஒரு பக்தர் தீக்காயத்தால் இறந்துபோனார். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை ஊர்ப் பெரியவர்களே நிறுத்தலாம். வேண்டிக்கொண்டது பெற்றவர், குழந்தை இல்லை. ஒருவர் ஏறிய பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும். குழியின் இரு பக்கமும் தூக்கிவிட ஆள், பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் வேண்டும். காப்புக் கட்டியவர் பட்டியல் கோயிலில் இருக்கும்போது, இதற்கு ஒரு பட்டியல் போட முடியாதா?

2022 ஏப்ரல் 27 அதிகாலையில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். ஒரு தெருவின் சந்தோஷம் ஒரு நொடியில் போய்விட்டது. சப்பரத்தின் உயரத்தை அளப்பதற்கும், புறப்பாட்டு நேரத்தில் அந்தப் பாதையில் கரண்டை நிறுத்தச் சொல்லி மின்வாரியத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுப்பதற்கும் அரை நாள் போதும்.

குழாய் ஸ்பீக்கர் வேறு. மாசி, பங்குனி என்பது பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பரீட்சை நேரம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு முதல் சட்டம். அரசு நினைத்தால் வருஷத்தில் 15 நாளுக்கு மட்டும் நள்ளிரவு 12 வரை அனுமதி தரலாம். கோயில் தெருவில் உட்கார்ந்து கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளையும் அந்த அம்மனுக்குப் பிள்ளைதான்!

பழனிக்குப் போகும் பாதை

பங்குனி உத்திரம் என்றால் பழனிக்குத் தீர்த்தக் காவடி. கொடுமுடியில் காவிரித் தண்ணீரை எடுத்துக்கொண்டு பங்குனி வெயிலில் கால்நடையாக வருகிறார்கள். தார் ரோடு கொதிக்கும். பகல் 11 மணியிலிருந்து 4 மணி வரை நிழலில் உட்கார்ந்துவிட்டு காலையிலும் மாலையிலும் நடப்பதுதான் உடம்புக்கு நல்லது. இரவில் நடந்தால் ரோட்டின் வலது ஓரமாக, எதிரே வரும் வண்டி தெரியும்படி நடக்க வேண்டும். முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள வேண்டும். காவடி எடுத்து வீட்டுக்குத் திரும்பினால்தானே வேண்டுதல் முழுதாகும்?

பழனியில் சண்முக நதியில் குளித்துவிட்டு மலையேறுகிறார்கள். குளித்த பிறகு பழைய துணியையும் ஷாம்பு கவரையும் ஆற்றிலேயே விடுகிறவர்கள் உண்டு. ஒரு நிமிஷம் யோசித்துப் பார்க்க வேண்டும். சண்முக நதி அமராவதியில் சேர்கிறது. அமராவதி கரூரைத் தாண்டிக் காவிரியில் சேர்கிறது. காவிரித் தண்ணீரைத் தோளில் சுமந்து வந்து முருகனுக்கு அபிஷேகம் செய்துவிட்டு, அதே காவிரிக்குத் திருப்பி அனுப்புவது அழுக்குத் துணியா?

கடைசியாக...

"வருஷத்துக்கு ஒருநாள் கூத்து, இதுக்குப் போய் இவ்வளவு சட்டமா?" என்று சிலர் கேட்கலாம். அந்த ஒருநாளுக்காகத்தானே பதினைந்து நாள் விரதம் இருக்கிறார்கள்! ஒரு வேளை கறி தின்றால் சாமி குத்தம் என்று பயப்படுகிற ஊர், ஆற்றை நாறடிப்பதும் சாமி குத்தம் என்று நினைத்தால் போதும். கலெக்டர் உத்தரவை விட அதற்குப் பலம் அதிகம்.

அடுத்த மாசியில் காப்புக் கட்டும்போது விரதப் பட்டியலில் கூடுதலாக இரண்டு வரி சேரட்டும். பேப்பர் கப் தொடுவதில்லை, ஆற்றில் எதையும் விடுவதில்லை. கையில் கட்டிய மஞ்சள் கட்டியவரை மட்டும் காப்பாற்றினால் போதாது, ஊரையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும்.