மனநோய் மாத்திரைக்கு மட்டும் பஸ் ஏற வேண்டுமா?

தன்னார்வலர்கள் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' நல்ல திட்டம். அதை வகுத்தவர்கள் யாரை விட்டுவிட்டார்கள் என்பதுதான் நம் கோபம். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் திட்டம் தொடங்கியபோது ரத்த அழுத்தம், சர்க்கரை, இயன்முறை சிகிச்சை, வலிநிவாரணப் பராமரிப்பு, டயாலிசிஸ் பைகள் எல்லாம் பட்டியலில் இருந்தன. மனநோய் மாத்திரை இல்லை. குஜிலியம்பாறையிலோ நத்தத்திலோ ஒரே வீட்டில் தாயின் சர்க்கரை மாத்திரை திண்ணைக்கு வரும். மனச்சிதைவு நோயுள்ள மகனின் ரிஸ்பெரிடோனுக்கோ, மாவட்ட மனநலக் குழு பக்கத்து ஊருக்கு வரும் நாள்வரை காத்திருக்க வேண்டும்; அல்லது ஒருநாள் கூலியை இழந்து திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏற வேண்டும். மாத்திரை அட்டை தீர்ந்து சில வாரம் போனால் உறக்கம் கெடும், சந்தேகம் தலைதூக்கும், அடங்கியிருந்த நோய் மறுபடி கிளம்பும். வீட்டு வாசலைத் தாண்டவே அஞ்சுபவரைத்தான் வரிசையில் வந்து நிற்கச் சொல்கிறோம்.

இந்த மாத்திரைகளைத் தன்னார்வலர் கையில் கொடுக்கலாமா, டாக்டர் பார்க்க வேண்டாமா என்று கேட்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். லித்தியம் சாப்பிடுபவருக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும் தேவை. ஆனால் பிரஷர் மாத்திரையையும் டாக்டர்தான் எழுதுகிறார். தன்னார்வலர் கொண்டுசேர்க்கிறார், அவ்வளவே. நிலையாக இருக்கும் நோயாளிக்கு அதே ஏற்பாட்டை மறுக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்பதும் பதிலாகாது. படுக்கையில் சேர்ந்தால் உதவும் காப்பீடு, ஆயுள் முழுக்க விழுங்க வேண்டிய மாத்திரைக்கு உதவாது. மனநோயாளியை நெடுந்தொலைவு அலைய விடக் கூடாது, இருப்பிடத்துக்கு அருகிலேயே சேவை கிடைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு கூறுகிறது. இது சலுகை அல்ல, உரிமை.

உரிமையை ஏட்டில் எழுதிவிட்டு மறப்பது ஆட்சியாளர்களுக்குப் புதிதல்ல. ஊர் மருத்துவமனைக்கே மனநல சிகிச்சையைக் கொண்டுவருவோம் என்று தேசிய மனநலத் திட்டம் வந்தது 1982இல். பத்தொன்பது ஆண்டு கழித்து, 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், ஏர்வாடியில் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல் மாண்டார்கள். 28 உயிர்கள் போயின. காப்பகங்களுக்குப் பூட்டுப் போட்டார்கள். குடும்பங்கள் ஏன் அங்கே கொண்டுபோய் விட்டன என்று கேட்டு, அந்தக் காரணத்தைக் களைந்தார்களா? 2023இல் விழுப்புரம் மாவட்டக் காப்பகம் ஒன்றின் அவலம் வெளிவந்தபோதும் அதே அதிர்ச்சி, அதே அவசரச் சோதனைகள். விபரீதம் நடந்தபின் ஓடிவருபவர்கள், அதற்கு முன் ஒரு மாத்திரை அட்டையைக் கொண்டுசேர்க்கத் தவறினார்கள். சர்க்கரை மாத்திரை போகும் பையிலேயே மனநோய் மாத்திரையும் போக வழிவகை காணட்டும். முடியாது என்றால், யாருடைய உயிர் இவர்கள் கணக்கில் வரவில்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.