வேங்கடத்தை எல்லையாக மட்டும் அறிந்தவர்கள்

தமிழிலக்கியம் பயிலும் எவரும் வேங்கடத்தை அறிவர். தொல்காப்பியச் சிறப்புப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாக அதனைச் சுட்டுகிறது என்பது முதலாண்டு மாணவருக்கும் மனப்பாடம். ஆனால் அம்மலையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், கோயிலையும் வரிசையையும் லட்டுவையும் தவிர வேறொன்றைச் சொல்ல நம்மில் பலரால் இயலுவதில்லை. சுற்றுலா விளம்பரங்கள் இக்குறையைத் தம் வழியில் நிரப்புகின்றன. தலக்கோனா அருவி, சந்திரகிரிக் கோட்டை, சிலாதோரணம், கபில தீர்த்தம் என்று ஒரு பட்டியல். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம். ஒவ்வொன்றிலும் ஒரு புகைப்படம். மலையை எல்லைக்கோடாகச் சுருக்கிய புலமையும், பட்டியலாகச் சிதறடித்த சுற்றுலாவும் ஒரே பிழையைச் செய்கின்றன என்பது என் கருத்து. இரண்டுமே மலையை வாசிப்பதில்லை.

முதலில் பாறையைப் பார்ப்போம். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏறும் மலைச்சாலையோரத்தில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்த ஒரு பாறைமுகம் உள்ளது. கீழே மிகத் தொன்மையான கருங்கல். அதன்மேல் மணல் படிந்து இறுகி உருவான குவார்ட்சைட் பாறை. இவ்விரண்டும் சந்திக்கும் கோட்டில் ஐம்பது கோடி ஆண்டுகளுக்குக் குறையாத காலம் எந்தப் படிவும் இன்றி விடுபட்டுள்ளது. புவியியலாளர் இதனை 'எபார்க்கியன் இடைமுறிவு' என்பர். கோயிலுக்கு வடக்கே உள்ள சிலாதோரணமும் நீரும் காற்றும் அதே குவார்ட்சைட்டை அரித்துச் செய்த வளைவே. நாளொன்றுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஏறும் மலை இது. அந்தக் கோட்டைக் கடக்கும் பேருந்துகளில் அதனை நிமிர்ந்து பார்ப்பவர் எத்தனை பேர்?

அடுத்து, கல்லில் எழுதப்பட்டவை. திருமலை, திருப்பதிக் கோயில்களின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள், சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் 1930களில் தேவஸ்தானத்தின் வெளியீடாகப் பல தொகுதிகளாக அச்சேறின. அவற்றுள் மிகப் பெரும்பான்மை தமிழில் அமைந்தவை. பல்லவர் குலத்துச் சாமவை என்னும் காடவன் பெருந்தேவி வெள்ளித் திருமேனி செய்தளித்து நிலமும் வழங்கிய செய்தியைச் சொல்லும் 10ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு அவற்றுள் புகழ்பெற்றது. விசயநகரக் காலக் கல்வெட்டுகளோ வேறொரு கதையைச் சொல்கின்றன. பக்தர் கொடுத்த பணம் கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிடப்பட்டது. அதனால் பெருகிய விளைச்சலிலிருந்து திருவமுது படைக்கப்பட்டது. பர்ட்டன் ஸ்டெய்ன் 1960இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை இக்கல்வெட்டுகளைக் கொண்டே இடைக்காலக் கோயிலின் பொருளாதாரத்தை விளக்கியது. அமெரிக்க ஆய்வாளர் ஒருவருக்கு அடிப்படைச் சான்றாக அமைந்த தமிழ்க் கல்வெட்டுகள், நம் தமிழ்த்துறைகளில் எத்தனை முனைவர் பட்டங்களுக்குத் தலைப்பாயின?

மூன்றாவது, காடு. சேசாசலம் 2010இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1989இல், ஸ்ரீ வெங்கடேசுவரா தேசியப் பூங்கா உருவானது. சைகஸ் பெட்டோமி என்னும் பனை போன்ற தொல்தாவரம் இந்தத் திருப்பதி, கடப்பை மலைகளுக்கே உரியது. பாறைப் பிளவுகளில் பொன்னிறப் பல்லி வாழ்கிறது. 270 அடி உயரத்திலிருந்து விழும் தலக்கோனா அருவி இந்தக் காட்டின் நீர்; அதனைத் தனியொரு 'இடமாக'ப் பிரித்து விற்கும்போது காடு பின்னணித் திரையாகிவிடுகிறது. 2023 ஆகஸ்டில் அலிபிரி நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சிறுத்தைக்கு இரையானபோதுதான், தாம் நடப்பது காட்டின் நடுவே என்பதைப் பலர் உணர்ந்தனர். அத்தகைய உணர்வு ஓர் உயிரின் விலையில் வந்திருக்க வேண்டியதில்லை.

இக்காட்டோடு தமிழகத்தைப் பிணைக்கும் கொடிய நிகழ்வு ஒன்றும் உண்டு. செம்மரம் உலகிலேயே இயற்கையாக வளர்வது பெரும்பாலும் இம்மலைத்தொடரை ஒட்டிய நிலப்பகுதியில்தான். 2015 ஏப்ரல் 7 அன்று, மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட தமிழகத் தொழிலாளர் இருபதின்மர் சேசாசலக் காட்டில் ஆந்திரக் காவல் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்த எளியவர்கள். காவல்துறை அதனை மோதல் என்றது; மனித உரிமை அமைப்புகள் மறுத்தன. அகநானூற்றில் மாமூலனார், புல்லி ஆண்ட வேங்கடத்தைக் கடந்து பொருள் தேடிச் செல்லும் தலைவனைப் பாடுகிறார். பாலைத்திணை நடத்தும் வகுப்பறையில் அந்த யானைக்காட்டை விளக்கும் நாம், கூலிக்காக அதே காட்டுக்குள் சென்று திரும்பாதவர்களைப் பற்றி ஒரு வரியேனும் பேசுகிறோமா?

வாசிக்கப்படாத மலை எளிதில் அழியும். திருமலைக் கோயிலின் எதிரே நின்ற ஆயிரங்கால் மண்டபம் 2003இல் இடிக்கப்பட்டது. கூட்டத்துக்கு இடம் வேண்டும் என்பது காரணம். வருவோரின் வசதியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால், பழைய தூண் ஓர் இடையூறாகவும் காட்டு மரம் ஒரு தடையாகவும்தான் தெரியும். எதிர்ப்புக் குரல் அப்போது எழாமல் இல்லை. ஆயினும் அது இடிப்பைத் தடுக்கும் வலிமையுடையதாக இல்லை.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். முதலாவது, சுற்றுலா உள்ளூர் மக்களுக்கு வாழ்வளிக்கிறது, பிற இடங்களுக்கும் மக்களை அனுப்பினால் திருமலையில் நெரிசல் குறையும் என்பது. இதில் உண்மை உண்டு. ஆனால் குடிமல்லத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவின் மிகப் பழைய இலிங்கங்களுள் ஒன்று அங்கே வழிபாட்டில் உள்ளது; கோபிநாத ராவ் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அதனை அறிவுலகின் பார்வைக்குக் கொணர்ந்தார்; அங்குள்ள பாணர் காலக் கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. அச்சிற்றூருக்கு நாளைக்கே ஐந்நூறு வாகனங்கள் செல்வதால் என்ன பயன்? அறிவு முன்செல்லாமல் கூட்டம் மட்டும் சென்றால், நெரிசல் இடம்பெயருமே அன்றிக் குறையாது.

இரண்டாவது மறுப்பு நுண்மையானது: தமிழ்க் கல்வெட்டைப் பற்றிப் பேசுவது பழைய எல்லைச் சண்டையைக் கிளறுவதாகாதா? ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் நியாயங்களை வரலாறு மதிப்பிடட்டும். 1960இல் திருத்தணி நம்மிடம் வந்தது. திருப்பதி ஆந்திரத்தில் நிலைத்தது. நான் கேட்பது உரிமையை அன்று, வாசிப்பை. அன்னமாச்சாரியரின் தெலுங்குக் கீர்த்தனைச் செப்பேடுகளும் ஆழ்வார் பாசுரங்களும் ஒரே மலையின் இரு குரல்கள். தெலுங்கு மாணவருக்குத் தமிழ்க் கல்வெட்டும், தமிழ் மாணவருக்கு அந்தச் செப்பேடுகளும் அந்நியமாக இருப்பது இருவருக்கும் இழப்பு. எல்லையைக் கேட்ட வேகத்தில் ஒரு பங்கையேனும் படிப்பில் காட்டியிருந்தால், கூட்டத்துக்கு இடம் கேட்டவர்களிடம் அந்த மண்டபத்தின் வரலாற்றை நாம் உரக்கச் சொல்லியிருக்க முடியும்.

ஆகவே தமிழ், வரலாறு, தாவரவியல், புவியியல் துறைகளுக்கு என் வேண்டுகோள் இது. கல்விச் சுற்றுலா என்ற பெயரில் மாணவரைப் பேருந்தில் ஏற்றித் தரிசனம் முடித்துத் திரும்புவதை நிறுத்துங்கள். மூன்று நாள் களப்பயணமாக அமையுங்கள். முதல் நாள் குடிமல்லத்துக் கல்வெட்டுகள். இரண்டாம் நாள், விசயநகர அரசின் பிற்காலத் தலைநகராக விளங்கிய சந்திரகிரியின் அரண்மனையும் அருங்காட்சியகமும். மூன்றாம் நாள், அப்பக்கத்திலிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிகளில் காட்டின் வழியே நடந்து, மேலே சிலாதோரணம். திரும்பும் வழியில் அந்தப் பாறை இடைமுறிவு. செல்வதற்கு முன் கல்வெட்டுத் தொகுதியிலிருந்து பத்துக் கல்வெட்டுகளையேனும் வகுப்பில் படியுங்கள். திருப்பதியிலேயே உள்ள ஸ்ரீ வெங்கடேசுவரா பல்கலைக்கழகத்தின் மாணவரோடு சேர்ந்து செல்ல இயன்றால் இன்னும் நன்று.

தேவஸ்தானத்திடமும் இரு மாநில அரசுகளிடமும் கேட்க வேண்டியவை உண்டு: பாறைமுகத்தின் அருகே தெலுங்கிலும் தமிழிலும் தெளிவான விளக்கப் பலகை, பழைய கட்டடம் எதையும் தொடுமுன் வெளிப்படையான ஆவணப்பதிவு, தலக்கோனாவில் ஒருநாளில் நுழைவோர் எண்ணிக்கைக்கு வரம்பு, செம்மர வணிகத்தில் கூலிகளை அன்றி முதலாளிகளைப் பிடிக்கும் சட்ட நடவடிக்கை. ஆனால் படித்தவர்களுக்கே அறிமுகமில்லாத ஒரு மலைக்காக அரசுகள் அக்கறை கொள்ளும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. வரும் கல்வியாண்டின் பாடத்திட்டக் குழுக்களில் இடம்பெறும் பேராசிரியர்கள் இதனை ஒரு முறையேனும் விவாதிக்க வேண்டும்.