விற்றது யார் என்பதற்கு என்ன ஆதாரம்?

பலாங்கொடையிலோ எட்டியாந்தோட்டையிலோ தோட்டத்துப் பிள்ளை ஒருவர் பழைய ஓட்டோ அல்லது சின்னக் கார் வாங்கினால், அதில் அப்பாவின் சேமலாப நிதி இருக்கும், அம்மாவின் நகை இருக்கும், மிச்சத்துக்கு லீசிங் இருக்கும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளுக்கு வயதும் ஏறியது, விலையும் ஏறியது. அப்படி வாங்கி ஏமாந்தவர்கள்தான் இப்போது சட்ட உதவி மேசைக்கும் மத்தியஸ்த சபைக்கும் வருகிறார்கள்.

"பழசு வாங்கினால் அப்படித்தான்" என்று அவர்களைத் திருப்பி அனுப்பும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. அது சட்டம் அல்ல. வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்டவர் விற்கும் வண்டி விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பது 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. பற்றுச்சீட்டில் "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி எழுதி அதைக் கழற்றிவிடுவதற்கு, 1997இன் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் தடை போடுகிறது.

வாங்கியவர் வண்டியைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பரிகாரம் இல்லை. "பாஸைக் கூட்டிவந்து பார்த்துத்தானே எடுத்தார்" என்று கார் சேல்காரர் முதல் வாயிலேயே சொல்வது இதற்காகத்தான். ஆகவே குறை எங்கே ஒளிந்திருந்தது என்பதை கராஜ்காரரிடம் திகதியிட்டு எழுதி வாங்க வேண்டும். 2016 மேயில் களனி கங்கையும் 2017 மேயில் களு கங்கையும் பெருகியபோது மூழ்கிய வண்டிகள் கொஞ்சநஞ்சமல்ல. வெள்ளத்தில் கிடந்த காரை வெளியே எவ்வளவு மினுக்கினாலும், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியும். சீட்டைக் கழற்றினால் தண்டவாளத்தில் துரு இருக்கும். சீட்டைக் கழற்றிப் பார்க்கக் கடைக்காரர் விடுவாரா? மாட்டார். அதையும் அறிக்கையில் எழுதச் சொல்லுங்கள்.

இவ்வளவு சரியாக இருந்தும் நம் கோப்புகள் தோற்பது வேறோர் இடத்தில்: விற்றது யார்? பணத்தை எண்ணி வாங்கியவர் கார் சேல்காரர். சீ.ஆர். புத்தகத்தில் இருப்பதோ நாம் கண்ணால் காணாத ஒருவரின் பெயர். உரிமை மாற்றப் படிவத்தில் இருப்பது அவருடைய கையெழுத்து. இந்த ஓபன் பேப்பர் வழக்கத்தில் வியாபாரியின் பெயர் எந்தக் காகிதத்திலும் விழுவதில்லை. பிரச்சினை வந்ததும் "நான் கொமிஷனுக்குப் பேசிக் கொடுத்தவன்" என்கிறார். விளம்பரத்தின் படம், வங்கி வைப்புச் சீட்டு, வட்ஸ்அப் குரல் பதிவு எல்லாவற்றையும் முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்குங்கள். அவை சான்றாக நிற்க 2006இன் மின்னணுக் கொடுக்கல் வாங்கல் சட்டம் துணை நிற்கும்.

இரண்டாவது, நாள் கணக்கு. 2003இன் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்ய விற்பனையிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம், அதுவும் எழுத்தில். 1977 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழைத்துப் பேசியதை நம்பி இருந்துவிடக் கூடாது. கியர் பெட்டியை ஒருமுறை, ரேடியேட்டரை ஒருமுறை, பிறகு "பொங்கல் முடியட்டும், பார்ப்போம்" என்று இழுத்தால் மூன்று மாதம் போய்விடும். அந்த இழுவை தற்செயலாக நடப்பது என்று நாம் நம்பவில்லை. வண்டி கராஜில் கிடக்கும்போதே முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுவது நல்லது. தமிழிலேயே எழுதலாம், தமிழில் பதில் கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தருகிறது. விசாரித்த பின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் ஆகியவற்றுள் ஒன்றுக்கு அதிகார சபை கட்டளையிடலாம்.

காலம் கடந்திருந்தால் நீதிமன்றம் இருக்கிறது. எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு ஆறு வருடம், வாய்ப்பேச்சுக்கு மூன்று வருடம். ஆனால் வண்டியை ஏற்று ஓட்டிய பிறகு திருப்பிக் கொடுப்பதை மட்டும் கேட்டு வழக்கு வைப்பது ஆபத்து. நட்டஈட்டையும் சேர்த்துக் கேளுங்கள்.

லீசிங்கில் எடுத்தவர்கள் கோபத்தில் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். வண்டியை நிறுவனம் தூக்கிக்கொண்டு போனால் குறையைக் காட்டப் பொருளே கையில் இருக்காது. அதைவிட, நிறுவனத்தின் கோப்பைக் கேளுங்கள். கடன் விடுவிப்பதற்காகக் கார் சேல் தன் பெயரிலேயே கொடுத்த விலைப்பட்டியல் பெரும்பாலும் அதில்தான் கிடக்கும். "நான் விற்றது கம்பனிக்கு, இவருக்கல்ல" என்று அப்போது வாதம் மாறும். 2003இன் சட்டம் நுகர்வோர் என்பதில் பொருளைப் பயன்படுத்துபவரையும் அடக்குகிறது. அந்த வரைவிலக்கணத்தை முறைப்பாட்டின் முதல் பந்தியிலேயே எடுத்து வையுங்கள்.