லஜ்ஜைக்குப் பலியாகும் மாதர்

இந்திய மாதரைப் பீடிக்கும் புற்றுநோய்களில் இரண்டாவது இடம் பெற்றிருப்பது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். 2022-ம் வருஷத்தில் மாத்திரம் நம் தேசத்தில் சுமார் 80,000 ஸ்திரீகள் இதற்கு இரையாயினர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனம் மதிப்பிட்டிருக்கிறது. தடுக்கக்கூடிய வியாதிக்கு இத்தனை உயிர்களைப் பறிகொடுக்கிறோம் என்பதே நம்மைத் தலைகுனியச் செய்கிறது.

வைரஸ் கிருமியால் விளையும் இந்நோய் புற்றாக முற்றுவதற்குப் பெரும்பாலும் பல வருஷங்கள் செல்லும். அதற்குள் பரீட்சித்துக் கண்டுகொண்டால் எளிய சிகிச்சையே போதும். திண்டுக்கல் ஜில்லாக் கிராமங்களில் 2000-ம் வருஷம் தொடங்கிய ஆராய்ச்சி இதற்குச் சாட்சி. நீர்த்த அசெடிக் அமிலத்தைத் தடவி, பயிற்சி பெற்ற நர்ஸுகள் கண்ணால் பார்த்தறியும் பரீட்சையே அங்கு நடந்தது. அதற்கு அழைக்கப்பட்ட மாதரிடையே இந்நோய் மரணம் மற்றவர்களைவிட 35 சதவிகிதம் குறைந்திருந்ததென 2007-ல் வெளியாயிற்று.

ஆயினும், 2019-21-ல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயது வரையுள்ள மாதரில் ஒரு முறையேனும் இப்பரீட்சை செய்துகொண்டவர் இந்தியாவில் 100-க்கு 2 பேர்கூட இல்லை. தமிழ்நாட்டிலும் 100-க்கு 10 பேரை எட்டவில்லை. வழி இருந்தும் வருவார் இல்லாததேன்?

நோவில்லாதபோது வைத்தியசாலைக்குச் செல்வானேன் என்பது ஒரு எண்ணம். ஒரு நாள் கூலி போகுமே என்பது ஏழையின் கவலை. இவற்றினும் வலியது லஜ்ஜை. அந்நியர் முன், அதிலும் ஆண் வைத்தியர் முன், தேகத்தைக் காட்டக் கூசி வாய்மூடி மடிகிறாள் நம் சகோதரி. கிருமி கண்டதென்றால் நடத்தையைச் சந்தேகிப்பார்களே என்ற பயம் வேறு. இது முழு மௌட்டியம். இக்கிருமி கற்பை அளக்கும் கோல் அன்று. புருஷனிடமிருந்தே மனைவியை அடையக்கூடியது. தன்னால் வந்திருக்கக்கூடிய நோய்க்கு மனைவியைப் பழிப்பது எந்த நியாயம்?

பரீட்சைக்குப் பெண் ஊழியரையும் மறைவான இடத்தையும் சர்க்கார் எங்கும் ஏற்படுத்தவேண்டும். ஆனால் சர்க்கார் வைத்தியசாலையின் கதவைத் திறக்கலாம். வீட்டுக் கதவைத் திறக்கவேண்டியவர் புருஷரே. மேடையேறி மாதர் விடுதலை பேசும் நம் ஊழியர்களைக் கேட்கிறோம்: உங்கள் இல்லத்தில் இவ்விஷயத்தை ஒரு முறையேனும் பேசியதுண்டா? மனைவியையும் சகோதரியையும் பரீட்சைக்கு அழைத்துச் சென்றதுண்டா? இல்லையேல், அடுத்த கூட்டத்திற்குப் புறப்படுமுன் அதைச் செய்யுங்கள். மேடைப் பிரசங்கம் காத்திருக்கலாம், நோய் காத்திராது.