பன்றி ரூபாயும் புளித் தண்ணீரும்

கண்ணமங்கலத்து நெசவாளர் வீட்டுப் பழம்பெட்டியில் 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் கிடைத்தால், முதலில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியைப் பாருங்கள். அதிலுள்ள யானைக்குத் துதிக்கை குட்டை. பன்றி போலத் தெரிகிறதென்று எதிர்ப்பு கிளம்பவே, அரசு காசைத் திரும்பப் பெற்று, 1912-இல் துதிக்கையைத் திருத்தியது. 'பன்றி ரூபாய்' என்ற பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. என்ற அமெரிக்க நிறுவனங்கள் 70 புள்ளி அளவில் தரம் குறித்து, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. கட்டணம், தபால், காப்பீடு எல்லாம் கைக்காசு. மன்னரின் காதும் தாடியும் மழுங்கிய காசுக்கு அது தண்டச் செலவு. அச்சுப் பளபளப்பு மாறாததற்கு யோசிக்கலாம்.

மகள் கல்யாணச் செலவுக்கு விற்க எடுப்பவர்கள் அவசரப்பட்டுப் புளி போட்டுத் தேய்த்துவிடுகிறார்கள். தேய்த்தது தெரிந்தால் எண் தரம் கிடைக்காது. 'சுத்தம் செய்யப்பட்டது' என்ற குறிப்புதான் வரும். நகைக்கடைத் தராசில் 11.66 கிராமுக்கு வெகுவாகக் குறைந்தால், அனுப்பும் பேச்சே வேண்டாம்.