லெப் கணினிகளுக்கு வைரஸ் கார்ட் வாங்க வேண்டுமா?



போன கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு பெற்றோர் கேட்ட கேள்விக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். நேரம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

"லெப்பில இருக்கிற 16 மெஷினுக்கும் வைரஸ் கார்ட் இல்லையாமே சேர்? பிள்ளைகள்ட வேலையெல்லாம் அழிஞ்சா யார் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கடையில் விலையும் விசாரித்து வந்திருந்தார். ஒவ்வொரு வருடமும் கட்ட வேண்டிய பணம்.

என் கருத்து: வாங்க வேண்டாம்.

நமது லெப்பில் இருப்பவை பழைய மெஷின்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவற்றில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டோம். ஊரில் பென் ட்ரைவ் வழியாகப் பரவும் வைரஸ்கள் விண்டோஸுக்கென்று எழுதப்பட்டவை. அவை லினக்ஸில் சும்மா ஒரு ஃபைலாகக் கிடக்குமே தவிர ஓடாது. மென்பொருளையும் கண்ட கண்ட தளத்தில் இறக்குவதில்லை, லினக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலிருந்தே எடுக்கிறோம். புதிதாக ஒன்றைப் பதிய நிர்வாகியின் கடவுச்சொல் வேண்டும். அது பிள்ளைகளிடம் இல்லை.

ஆனால் "லினக்ஸுக்கு வைரஸே வராது" என்று சொல்வது சரியில்லை. நானும் அப்படிப் பெருமையடித்துத் திரிந்தவன்தான். இல்ல விளையாட்டுப் போட்டிப் பெயர்ப்பட்டியலை ஒரு மாணவனின் பென் ட்ரைவில் போட்டு ஒரு டீச்சரிடம் கொடுத்தேன். லெப்பில் எந்தப் பிரச்சினையும் காட்டவில்லை. அவருடைய விண்டோஸ் லெப்டொப்பில் போட்டு ஃபோல்டரைத் திறந்ததும் ஷோர்ட்கட் வைரஸ் ஏறிவிட்டது. அதற்குப் பிறகு அதில் செருகிய ஒவ்வொரு பென் ட்ரைவிலும் ஃபோல்டர்கள் மறைந்து ஷோர்ட்கட் மட்டும் தெரிந்தது. "உங்கட லெப்ல வைரஸே இல்லண்டு சொன்னீங்களே சேர்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நமக்கு நோய் வராவிட்டாலும் நம் கையால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடலாம் என்று அன்றுதான் விளங்கியது.

லினக்ஸையே குறிவைத்த தாக்குதல்களும் நடந்திருக்கின்றன. 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ட் இணையத்தளத்துக்குள் நுழைந்தவர்கள், பதிவிறக்க இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஒரு பதிப்பை மக்களுக்குக் கொடுத்தார்கள். அதே வருடம் மிராய் என்ற நிரல், லினக்ஸில் இயங்கும் ரவுட்டர்களையும் சிசிடிவி கெமராக்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. பெரிய வித்தையெல்லாம் இல்லை. கம்பனி போட்டுக் கொடுத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததுதான் காரணம். நம் கடைகளிலும் வீடுகளிலும் எத்தனை கெமராக்களில் இன்னும் அதே கடவுச்சொல் இருக்கிறது?

2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சிறிய திறந்த மூல மென்பொருளுக்குள் ஒரு பின்கதவு ஒளித்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அதைப் பிடித்தது வைரஸ் கார்ட் அல்ல. லொகின் ஆக அரை வினாடி கூடுதலாக எடுக்கிறதே என்று சந்தேகப்பட்ட ஒரு பொறியியலாளர்தான் தோண்டிப் பார்த்தார். நிரல் எல்லோருக்கும் திறந்திருந்ததால் அவரால் பார்க்க முடிந்தது. ஆனால் திறந்திருந்தால் மட்டும் போதாது, யாராவது பார்க்கவும் வேண்டும்.

ஆகவே லெப்புக்கு நான் கேட்பது இவைதான்:

1. கிழமைக்கு ஒருமுறை எல்லா மெஷினையும் அப்டேட் செய்வது. இதற்குச் செலவு டேட்டா மட்டும்.

2. வெளியிலிருந்து வரும் பென் ட்ரைவை முதலில் ஒரே ஒரு மெஷினில் கிளாம்ஏவி மூலம் ஸ்கேன் செய்வது. அது இலவசம், திறந்த மூலம். நம்மைக் காக்க அல்ல, விண்டோஸ் வைத்திருப்பவர்களைக் காக்க.

3. நிர்வாகிக் கடவுச்சொல் பொறுப்பாசிரியரிடம் மட்டும் இருப்பது. கரும்பலகையில் எழுதக் கூடாது.

4. பிள்ளைகளின் செயற்றிட்டங்களுக்கு வெளி ஹார்ட் டிஸ்க்கில் இன்னொரு பிரதி.

வைரஸ் கார்டுக்கு ஒதுக்க நினைத்த பணத்தில் அந்த ஹார்ட் டிஸ்க்கை வாங்கலாம். மெஷின் பழுதானாலும், கரண்ட் போய் ஃபைல் கெட்டாலும், வைரஸ் வந்தாலும், பிள்ளையின் வேலையைத் திருப்பித் தருவது அந்தப் பிரதிதான். சங்கத்தின் பணம் அமானிதம். பெற்றோர் கேட்டதும் பிள்ளைகளின் வேலை அழியக் கூடாது என்பதைத்தானே?

வீட்டில் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு வைரஸ் கார்டை அழித்துவிடாதீர்கள்! உங்கள் கதை வேறு. விண்டோஸ் 10, 11 உடன் வரும் டிஃபென்டரை ஓஃப் பண்ணாமல் வைத்திருங்கள். க்ரெக் மென்பொருள் போடும்போது "வைரஸ் கார்டை ஓஃப் பண்ணு" என்று அது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் வரும் பரிசு லிங்கை அமத்தி ஓடிபி இலக்கத்தைக் கொடுத்தால் லினக்ஸும் காப்பாற்றாது, வைரஸ் கார்டும் காப்பாற்றாது.

அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி முடிவெடுப்போம். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். பிழை இருந்தால் திருத்திக்கொள்கிறேன்.