மாயாவி வேட்டி கட்டுவது எப்படி?

போன வாரம் பொண்ணு கூட வேலை பாக்கற ரெண்டு மூணு பேர் சென்னையிலிருந்து தோட்டத்தைப் பாக்க வந்திருந்தாங்க. பேச்சு எங்கெங்கயோ போய் பழைய காமிக்ஸ்ல வந்து நின்னுச்சு. அதுல ஒரு தம்பி இளநீர் குடிச்சுக்கிட்டே சொன்னார்: "அந்தக் கதையிலெல்லாம் லாஜிக்கே இருக்காதுங்க சார். அப்போ நீங்கல்லாம் அப்படியே நம்பிப் படிச்சிருப்பீங்க."

நான் ஒண்ணும் சொல்லல. விருந்தாளி. இளநீரும் பாதிதான் குடிச்சிருந்தார். ஆனா ராத்திரி கட்டில்ல படுத்தப்புறம் அந்த வார்த்தை குத்திக்கிட்டே இருந்துச்சு. நாங்க நம்பலைங்க. ஒரு பக்கம்கூட நம்பல. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நான் காமிக்ஸ் படிச்சது பள்ளிக்கூடத்துல இல்ல, ஆலைக் கொட்டாயில. எங்க ஊர் கவுந்தப்பாடிப் பக்கம். கரும்பு வெட்டு ஆரம்பிச்சா ராத்திரி பகல்னு பாக்காம ஆலை ஓடும். ஒரு பக்கம் உருளையில கரும்பு அரைபடும், இன்னொரு பக்கம் கொப்பரையில பாகு கொதிக்கும். எங்க பெரியப்பா அடுப்புக்குச் சக்கை தள்ளுவார், இடது கையால. வலது கை மணிக்கட்டுக்கு மேல இல்ல. ரெண்டு வருசம் முந்தி இதே மாதிரி ஒரு ஆலையில கரும்பு குடுத்துக்கிட்டிருந்தப்போ உருளைக்குள்ள போயிடுச்சு. ஆலைக்காரர் ரெண்டு மூட்டை வெல்லம் குடுத்தனுப்பினார். அவ்வளவுதான்.

பெரியப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. ஒரு நாளைக்குப் பத்துப் பைசா வாடகைக்குப் புத்தகம் எடுத்துட்டு வந்து, அடுப்பு வெளிச்சத்துல சத்தம் போட்டுப் படிக்கறது என் வேலை. அப்போ எனக்குப் பன்னெண்டு வயசு இருக்கும். முதல்ல கிடைச்சது அட்டை இல்லாத ஒரு முத்து காமிக்ஸ். இரும்புக்கை மாயாவி.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. மாயாவி நம்ம ஊர்க்காரர் இல்ல. இங்கிலாந்துல 1962-ல ‘வேலியண்ட்’னு ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பிச்சாங்க, அதுல வந்தவர். ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ படம் போட்டார். சிவகாசியில 1972-ல முத்து காமிக்ஸ் தொடங்கினப்போ முதல் புத்தகமே இவர்தான். பேர் லூயிஸ் கிராண்டேல். ஆராய்ச்சிக்கூடத்துல உதவியாளர். விபத்துல வலது கை போயிடுது, இரும்புக் கை மாட்டிவிடறாங்க. அப்புறம் ஒரு நாள் பெரிய மின்சார அதிர்ச்சி. ஆள் மறைஞ்சிடறார், இரும்புக் கை மட்டும் வெளியே தெரியுது. அதுக்கப்புறம் எப்போ மறையணும்னாலும் கரண்டைத் தொட்டாப் போதும்.

இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பெரியப்பா கையைத் தூக்கிட்டார். எப்பவும் அந்த வலது கையில துண்டு சுத்தியிருக்கும்.

"நில்லு, நில்லு. கை போச்சு, அடுத்த கட்டத்துல இரும்புக் கையா? புண்ணு ஆறவே எனக்கு நாலு மாசம் ஆச்சேடா."

"கதை பெரியப்பா."

"சரி, கதை. அந்தக் கையில விரல் ஆடுதா?"

"ஆடுது. எல்லாம் பிடிக்கறார்."

"அப்போ வேட்டி எப்படிக் கட்டறான்?"

நான் படத்தைக் காட்டினேன். கோட்டு, சூட்டு, டை. பெரியப்பா ரொம்ப நேரம் பாத்தார். "டை கட்டறதுக்கும் ரெண்டு கை வேணுமே. அதை ஒரு படத்துலயும் போடலையே" அப்படின்னார்.

ஒரு கையால வேட்டி கட்ட அவர் கண்டுபிடிச்ச வித்தை என்னன்னா, சுவத்துல சாஞ்சு ஒரு முனையை முதுகுக்கும் சுவத்துக்கும் நடுவுல நசுக்கிப் பிடிச்சுக்கிட்டு, மறு முனையைச் சுத்திக் கொண்டுவந்து சொருகணும். சொருகினது நிக்கறதுக்கு ஒரு பெல்ட்டு. ஆறு மாசம் பழகினாராம். அதனால கிராண்டேல் துரை வித்தையைச் சொல்லிட்டா கேட்டுக்கலாம்னு உண்மையிலேயே காத்துக்கிட்டிருந்தார்.

அதுக்கப்புறம் ஆலைக் கொட்டாயில கேள்விகள் ஓயல. ஆள் மறைஞ்சா சட்டை எப்படி மறையுது? சட்டையும் சேந்து மறையும்னா இரும்புக் கை மட்டும் ஏன் மறையாது? கையைக் கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள விட்டுக்கிட்டாத் தெரியாதேன்னு ஒருத்தர் கேட்டார். கோட்டே கண்ணுக்குத் தெரியாது, அதுக்குள்ள விட்ட கை மட்டும் எப்படி மறையும்னு இன்னொருத்தர். வெல்லம் அச்சுல ஊத்தறவர் ஒருத்தர், அதிகம் பேசமாட்டார், அவர் கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. "அந்தரத்துல ஒரு கை வருது. அதுக்கு ஒரு முழம் பின்னாடி ஒரு தடியால போட்டா ஆள் விழுந்துடுவானே. அத்தனை கொள்ளைக்காரனுகளும் துப்பாக்கியை வச்சுக்கிட்டு எதுக்குக் கையையே சுடறானுக?"

கரண்டு விசயத்துல நாங்க எல்லாருமே நிபுணர்கள். லண்டன்ல எந்த நேரமும் கரண்டு இருக்கும், தொட்டவுடனே மாயாவி மறைவார். எங்க ஊர்ல இருந்திருந்தா? லோ வோல்டேஜ்ல இடுப்பு வரைக்கும்தான் மறைவார். மும்முனைக் கரண்டு ராத்திரி ஒரு மணிக்கு வந்தா, திருடன் அதுவரைக்கும் திண்ணையில உக்காந்திருக்கணும். நாங்க சிரிச்ச சிரிப்புல பாகு பதம் தப்பி ஆலைக்காரர்கிட்ட வாங்கிக்கட்டிக்கிட்ட நாளும் உண்டு.

இப்போ சொல்லுங்க, இது நம்பிப் படிச்சவங்க பேச்சா?

ஒரே ஒரு தடவை நான் நம்பினேன். ஒத்துக்கறேன். கிணத்து மேட்டுல மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி மூடி திறந்து கிடந்துச்சு. பக்கத்துல யாரும் இல்ல. மறையணும்னுகூட இல்ல, என்னதான் ஆகும்னு பாக்கலாமேன்னு விரலை நீட்டிட்டேன். எங்கிருந்து வந்தார்னு தெரியாது, பெரியப்பா இடது கையால என் முடியைப் பிடிச்சுப் பின்னால இழுத்துக் கீழே தள்ளினார். முதுகுல ரெண்டு வச்சார். அவர் என்னை அடிச்சது அந்த ஒரு தடவைதான். ஒரு வார்த்தை பேசல. மூச்சு வாங்கிச்சு. அன்னிக்கு ராத்திரி புத்தகத்தை எடுக்கவே எனக்குப் பயம். அவரே கூப்பிட்டு, "எங்கடா அந்த இரும்புக்கையன், படி" அப்படின்னார்.

வாடகைப் புத்தகத்துல ஒரு கஷ்டம், வரிசையா வராது. மாயாவி நல்லவரா நிழற்படையில வேலை பாக்கற கதைகளை முதல்ல படிச்சுட்டு, ரொம்ப நாள் கழிச்சுத்தான் முதல் கதை கைக்கு வந்துச்சு. அதுல மாயாவி வில்லன்! அந்த அதிர்ச்சியில புத்தி கெட்டு ஊரையே மிரட்டித் திருடறார். எனக்கு ஏமாத்தமா போச்சு. பெரியப்பா மட்டும் சக்கையைத் தள்ளிக்கிட்டே, "அது சரியாத்தான் எழுதியிருக்கான். கை போன புதுசுல எனக்கும் புத்தி அப்படித்தான் இருந்துச்சு. அந்த ஆலைக்குத் தீ வச்சுடலாமான்னு இருந்துச்சு" அப்படின்னார். கொட்டாயில யாரும் சிரிக்கல.

ஸ்பைடரும் வந்தார். லயன் காமிக்ஸ்ல ‘எத்தனுக்கு எத்தன்’. நான் அப்போ பெரிய வகுப்பு. கூரான காது, கறுப்பு உடை, குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜா ஆகணும்னு ஆசை. ரகசியமா ஒளிஞ்சிருக்க அவர் தேர்ந்தெடுத்த இடம் என்ன தெரியுமா? ஸ்காட்லாந்துல இருந்த கோட்டையைக் கல்லு கல்லாப் பெயர்த்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து கட்டினது. எங்க ஊர்ல ஒரு மாட்டுக் கொட்டாயைப் பிரிச்சு அடுத்த காட்டுல போட்டாலே நாலு ஊருக்குத் தெரிஞ்சுடும்.

அந்த ஸ்பைடருக்குக் கதை எழுதினவங்கள்ல ஒருத்தர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கின ரெண்டு பேர்ல ஒருத்தர், அதே சீகல்தான். 1938-ல அவரும் படம் போட்ட ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு வித்துட்டாங்க. வாங்கின கம்பெனி கோடி கோடியாச் சம்பாதிச்சுது. பழைய காமிக்ஸ்லயே நம்ப முடியாத சங்கதி எதுன்னு என்னைக் கேட்டா, பறக்கறதையோ மறையறதையோ சொல்லமாட்டேன், இதைத்தான் சொல்வேன். பெரியப்பா இருந்திருந்தா ரெண்டு மூட்டை வெல்லத்தை ஞாபகப்படுத்தியிருப்பார்.

அமெரிக்கக் கதைகளை நான் அப்போ படிச்சதில்ல. போன மழைக்காலத்துல பொண்ணு ஊருக்கு வந்திருந்தப்போ போன்ல பழைய அட்டைப்படங்களா எடுத்து, "இதைப் பாருங்ப்பா, இதைப் பாருங்ப்பா"ன்னு காட்டினா. 1958-ல சூப்பர்மேனுக்குச் சிங்கத் தலை. 1963-ல எறும்புத் தலை, பின்னாடி ஒரு எறும்புப் படையே வருது. இன்னொண்ணுல சூப்பர்மேன் உள்ளங்கையிலிருந்து விரல் உயரத்துக்கு ஒரு குட்டி சூப்பர்மேன் கிளம்பிப் போய் எல்லா வேலையும் செய்யறான். பெரியவர் அவன் மேல பொறாமைப்படறார். அது எனக்குப் புரிஞ்சுது. பையனைப் படிக்கவச்சு ஊரை விட்டு அனுப்பின அப்பனுகளுக்கெல்லாம் புரியும்.

இவ்வளவு கோணலாப் போனதுக்கு ஒரு காரணமும் உண்டு. காமிக்ஸ் படிச்சா பிள்ளைங்க கெட்டுப்போறாங்கன்னு அங்கே பெரிய கூச்சல் எழும்பி, 1954-ல பதிப்பாளர்களே கட்டுப்பாடு போட்டுக்கிட்டாங்க. ரத்தம், பேய், கொடூரம் எல்லாத்துக்கும் தடை. மாசா மாசம் புத்தகம் போட்டாகணும், சண்டையும் சாதுவா இருக்கணும். அப்போ ஒரு எழுத்தாளன் என்ன பண்ணுவான்? எறும்புத் தலையைத்தான் மாட்டுவான்.

பொண்ணு விழுந்து விழுந்து சிரிச்சது 1957-ல வந்த ஒரு பேட்மேன் கதைக்கு. எப்பவும் இருட்டுக் கலர்ல வர்றவர் தினம் ஒரு கலர்ல உடை போடறார். கடைசியில வானவில் மாதிரி பட்டை பட்டையா. ஊரே அவரையே பாக்குது. கூட வர்ற சின்னப் பையன் ராபின் கேக்கறான், எதுக்கு இந்தக் கூத்துன்னு. காரணம் இதுதான்: ராபினுக்குக் கையில அடி. முகமூடி இல்லாம இருந்தப்போ பட்ட அடி, ஊருக்கே தெரியும். அதே கையோட ராபினையும் யாராவது பாத்துட்டா குட்டு உடைஞ்சிடும். அந்தக் கையை யாரும் பாக்கக் கூடாதுன்னுதான் பெரியவர் பஞ்சுமிட்டாய் மாதிரி உடுத்திக்கிட்டு முன்னால நிக்கறார்.

பொண்ணு சிரிச்சா. நானும் சிரிச்சேன். அப்புறம் அந்தப் படத்தையே கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டிருந்தேன். பெரியப்பா கல்யாண வீட்டுக்குப் போனா முதல்ல அந்த வலது கை மேல துண்டை இழுத்து விட்டுக்குவார். பந்தியில ஓரத்துல உக்காருவார், இடது கையில சாப்பிடறது யார் கண்ணுலயும் படாத இடமாப் பாத்து. பக்கத்துல எங்க அப்பா உக்காந்து, கூட்டமே திரும்பிப் பாக்கற மாதிரி சத்தம் போட்டுப் பேசிக்கிட்டே இருப்பார். எங்க அப்பா வீட்டுல அதிகம் பேசாத மனுசன். கல்யாண வீட்டுல மட்டும் ஏன் இப்படிக் கத்தறார்னு சின்ன வயசுல எனக்கு வெக்கமா இருக்கும்.

அந்தச் சென்னைத் தம்பி லாஜிக்குன்னு சொன்னாரில்ல, அவர் பாக்கற இப்போதைய படங்கள்ல அது நிறைய இருக்குங்க. கவசம் எப்படி வேலை செய்யுது, அது எந்த உலோகம்னு அரை மணி நேரம் விளக்கம் குடுக்கறாங்க. பொண்ணு கூட்டிட்டுப் போய் ரெண்டு படம் பாத்தேன். எல்லாக் கேள்விக்கும் பதிலை அவங்களே சொல்லிடறாங்க. பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட நான் கேக்க ஒண்ணும் மிச்சமில்ல. இடைவேளையில பாப்கார்ன் விலையைப் பத்தித்தான் பேசிக்கிட்டோம்.

பெரியப்பா போய் இருவது வருசம் ஆச்சு. பழைய புத்தகம் ஒண்ணும் மிச்சமில்ல, எல்லாம் பொட்டலம் கட்டப் போயிடுச்சு. பொண்ணு மாயாவி மறுபதிப்பு வாங்கி அனுப்பியிருக்கா, நல்ல தாள், பளபளன்னு இருக்கு. சாயங்காலம் கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு கட்டமாத் தேடறேன். எங்கயாவது ஒரு படத்துலயாவது கிராண்டேல் சட்டைப் பொத்தான் போடறாரா, டை கட்டறாரா, செருப்பு வாரை மாட்டறாரான்னு. இதுவரைக்கும் இல்ல. பாதிப் புத்தகம் பாக்கி இருக்கு. இப்பத்தான் மும்முனைக் கரண்டு வந்திருக்கு, போய் மடை திருப்பிட்டு வந்து மிச்சத்தைப் பாக்கணும்.